வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மெசேஜை நம் வில்லுப்பாட்டு செட்டில் எல்லாரும் படித்தாச்சு. குடம் அடிக்கிற குடக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இவனுக்கு என்ன வயசாகுது?" என்று மட்டும் கேட்டார். போனில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உன்னை மாதிரியே இன்னும் ரெண்டு மூணு பிள்ளைகள் இதே பேச்சைப் பேசுகிறதால் எல்லார் கண்ணிலும் படட்டும் என்று இங்கே போடுகிறேன், பெயர் சொல்லவில்லை, கோபப்படாதே.

"வெளியே செய்ததெல்லாம் போதும், இனி உள்ளே போகணும், மனசு தெளிந்த பிறகு பாடுகிறேன், அதுவரை வில்லைத் தொட மாட்டேன்" என்கிறாய். முதல் பாதி எனக்குப் புரிகிறது. போன சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து விடியற்காலையில் வேனில் வரும்போது எல்லாரும் தலை தொங்கத் தூங்க, நீ மட்டும் ராத்திரி பாடியதை முப்பது நொடித் துண்டுகளாக வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாய். அப்புறம் பாட்டே அந்த வெட்டுக்குத் தகுந்த மாதிரி மாறியது. செட்டியைப் பழிவாங்க வருகிற நீலியின் கதையில், கள்ளிக்கொம்பு பிள்ளையாகிற கட்டத்துக்கு நீ ஓடி ஓடி வருவாய், அதற்கு முன்னால் உள்ள செட்டி கதையை விழுங்கிவிடுவாய். கேட்க உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்கு அது தெரியாமலா இருக்கும்? அப்படி ஒரு வருஷம் ஓடினால் எவனுக்கும் உள்ளே காலியாகத்தான் இருக்கும். ஓய்வு எடு, கிளிப் போடுவதை நிறுத்து, யார் வேண்டாம் என்றது.

நீ போட்டிருக்கிற வரிசைதான் எனக்கு ஒப்பவில்லை. முதலில் தெளிவு, அப்புறம் பாட்டு. இந்த வரிசையை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்கள் ஒரு கொடையிலாவது விடிய விடிய உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

நம் பாட்டு எப்படித் தொடங்குகிறது? காப்பு, குருவடி, அவையடக்கம். கண்ணை மூடி ஆசானை நினைத்து, எனக்கு ஒன்றும் தெரியாது, பிழை பொறுங்கள் என்று சபையைக் கும்பிட்டு, உடனே கதைக்குள் இறங்கிவிடுகிறோம். உள்ளே போவதற்கு முன்னோர் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான், மிச்சத்தைப் பாடிக்கொண்டே தேடிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். சாமம் கழிந்து உடுக்கு ஏறுகிற நேரத்தை நினைத்துப் பார். சாமியாடி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முகத்தில் ஒன்றும் இருக்காது, கால் பெருவிரல் மட்டும் மண்ணைக் கிண்டத் தொடங்கும். வலத்தே பாடுகிறவர், அதாவது வில்லுக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கதையை நடத்துகிற முதல் பாட்டுக்காரர், அதைப் பார்த்துவிடுவார். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல் குடத்துக்கு ஒரு சாடை காட்டி தாளத்தை ஒரு படி கூட்டுவார். அதற்காக வரியை விடவும் மாட்டார், ஏனென்றால் அந்தச் சாமிக்கு உரிய வரி வந்தால்தான் அருள் இறங்கும். சுற்றிலும் குரவை, புகை, அழுகை, நடுவில் இவர் ஒருத்தர் ஆடக்கூடாது. ஆடினால் பாட்டு நின்றுபோகும். நம் ஆசான் அந்த நேரத்தில் இருந்த நிதானத்தை நான் வேறு எந்த இடத்திலும் பார்த்ததில்லை, தியானம் பண்ணுகிறேன் என்று சொன்னவர்களிடமும் பார்த்ததில்லை. நீயும் அந்த நிதானத்தில் ஒரு தடவை இருந்தாய், முப்பந்தல் பக்கம் பாடிய வெள்ளிக்கிழமை ராத்திரியில். நான் இடத்தே, பக்கப்பாட்டில், இருந்ததால் எனக்குத் தெரியும்.

சரி, நம் பாட்டு வேண்டாம், துறவிகளிடமே போவோம். நம் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கு எத்தனை தடவை போயிருக்கிறாய்? கொல்லாமரத்துக்கு நடுவே கல்பாதையில் ஏறி, பாறை இடுக்கில் நுழைந்தால் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள், அடியில் பழைய வட்டெழுத்து. பகவதி கோயிலாகத்தான் நமக்கெல்லாம் பழக்கம், ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அது சமணப் பள்ளி. அந்த எழுத்தில் ஒரு பெயர் அச்சணந்தி. சமண முனிவர். இதே பெயர் மதுரை ஆனைமலையில் இருக்கிறது, அழகர்மலையில் இருக்கிறது, உத்தமபாளையத்தில் இருக்கிறது. உலகத்தை விட்ட மனிதர், வண்டி ஏறாத கூட்டம், மலை மலையாக நடந்துபோய், கல்தச்சனைப் பிடித்துப் பாறையில் உருவம் செதுக்க வைத்திருக்கிறார். செதுக்க எவ்வளவு நாள் ஆகியிருக்கும், சோறு யார் கொடுத்திருப்பார்கள், எந்தப் பாறை பிளக்கும் எந்தப் பாறை நிற்கும் என்று எத்தனை பேரிடம் பேசியிருப்பார்! எல்லாம் லௌகீகம்தான். மனசு தெளியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அவர் ஒரே குகையில் இருந்திருந்தால் சிதறாலில் இன்று வெறும் பாறைதான் இருக்கும்.

கன்னியாகுமரி விவேகானந்தர் பாறையில் தியான மண்டபத்தில் போய் உட்கார்ந்து வந்ததாக எழுதியிருந்தாய். கண்ணாடிப் பாலம் வந்ததில் இருந்து அங்கே இருக்கிற கூட்டத்தில் உனக்கு எப்படித் தியானம் கைகூடியது என்பது வேறு விஷயம். விவேகானந்தர் 1892 டிசம்பரில் குமரிக்கு வந்து உட்கார்ந்தபோது என்ன யோசித்தார் என்பதை அவரே 1894-ல் சிகாகோவில் இருந்து உடன்துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதியிருக்கிறார். இத்தனை சந்நியாசிகள் ஊர் சுற்றி மக்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறோமே, இது பைத்தியக்காரத்தனம், வயிறு காய்ந்தவனுக்கு மதம் எதற்கு என்று. அப்புறம் திட்டம் போடுகிறார்: கிராமம் கிராமமாகப் போகணும், கையில் வரைபடமும் உலக உருண்டையும் கேமராவும் வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்த மனுஷனுக்கு வந்து நின்றது சாமான் பட்டியல். எனக்கு அந்தக் கடிதத்தில் ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

உன்னை நான் விவேகானந்தர் ஆகச் சொல்லவில்லை மக்கா. காலையில் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். ஆனால் மத்தியானம் நீலி கதையை எடுத்து, நீ விழுங்கின செட்டி பகுதியை முழுசாகப் பாடிப் பார், கேமரா இல்லாமல். எங்கே மூச்சு முட்டுகிறது, எந்த வரியில் மனசு வேறெங்கோ போகிறது என்று பார்த்துக்கொள். நீ உள்ளே தேடுகிற ஆள் அந்த வரியில்தான் மாட்டுவான் என்பது என் நினைப்பு, இல்லையென்றால் வந்து என்னைத் திட்டு.

பங்குனிக் கொடைக்கு இரண்டு ஊரில் அச்சாரம் வாங்கியாச்சு. வலத்தே உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, வில்லில் மணி ரெண்டு விழுந்துவிட்டது, அதை மட்டும் மாற்றணும். இந்த மாசக் கடைசிக்குள் வருகிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, வேறு ஆள் பார்ப்பதென்றால் அவருக்கும் பழக நாள் வேண்டும்.

இப்படிக்கு,
இடத்தே பாடுகிற அண்ணன்