தென்னை மரத்தில் கட்டிய மாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில், ஆங்கிலத் திறனை அளக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வுக்கென்று மாதிரிக் கட்டுரைகள் வருகின்றன. வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கிளம்பும் நம் பர்மாவின் ரங்கூன், மௌல்மீன், பெகு பிள்ளைகள் அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒட்டி வைப்பதோடு நின்றால் பரவாயில்லை, உட்கார்ந்து உருப்போடுகிறார்கள். ‘ஐம்பது கட்டுரை மனப்பாடம், ஏழு பேண்ட் நிச்சயம்’ (பேண்ட் என்பது இந்தத் தேர்வின் மதிப்பெண், 9 வரை போகும்) என்று டியூஷன்காரர்கள் துண்டுச் சீட்டு அடிக்கும் ஊரில் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? மெட்ரிக் வரைக்கும் அவர்களுக்குக் கைகொடுத்த ஒரே வழி அதுதான். இந்தத் தேர்வில் அதே வழி காலை வாருகிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

பசுவைப் பற்றிப் படித்துக்கொண்டு போனவனுக்குத் தென்னை மரம் வந்துவிட்டது. இரண்டு வரி தென்னையைப் பற்றி எழுதி, அந்த மரத்தில் ஒரு பசுவைக் கட்டினான், மீதிப் பக்கமெல்லாம் பசு. இந்தக் கதை நமக்குத் தெரியும். விடை திருத்துகிறவருக்கும் தெரியும், மாட்டைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். விடை முழுவதும் மனப்பாடம் என்பதற்கு ஆதாரம் இருந்தால் 0 என்று மதிப்பீட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. பாதி மனப்பாடம், பாதி சொந்தச் சரக்கு என்றால் 0 கிடைக்காதுதான். ஆனால் முன்னுரை பளபளவென்றும் அடுத்த பத்தி தடுமாறியும் இருக்கும்போது எது யாருடைய எழுத்து என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பிரிவுக்கு மொத்தம் 60 நிமிடம், இரண்டு டாஸ்க், அதாவது எழுத வேண்டியவை இரண்டு. முதலாவது 150 சொல்லுக்குக் குறையக் கூடாது. மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் அகாடமிக் பிரிவில் அது வரைபடம் அல்லது அட்டவணை விளக்கம், பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் டிரெய்னிங்கில் கடிதம். இரண்டாவதுதான் கட்டுரை, 250 சொல்லுக்குக் குறையக் கூடாது. நேரத்தை 20, 40 என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கட்டுரைக்கு இரட்டிப்பு எடை. முதல் டாஸ்க்கில் 7, கட்டுரையில் 5.5 என்றால் கணக்கு 6-இல் நிற்கும். அதையே மாற்றிப் போட்டு, கட்டுரையில் 7, முதல் டாஸ்க்கில் 5.5 என்றால் 6.5. வரைபடத்தில் அரை மணி நேரம் மயங்கி நின்றுவிட்டுக் கட்டுரையை அவசரமாக முடிப்பவர்கள் இந்த அரை பேண்டைத்தான் கோட்டைவிடுகிறார்கள். எதை முதலில் எழுதுவது என்பது நம் விருப்பம், கட்டுரையை முதலில் முடித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கட்டுரைக்கு நான்கு அளவுகோல், நான்குக்கும் சம மதிப்பு: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கோவையாக ஓடுகிறதா, சொல்வளம், இலக்கணம். முதல் அளவுகோலில் சறுக்கினால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் நினைத்த பேண்ட் வராது. சறுக்குவதோ பெரும்பாலும் கேள்வியைப் படிக்கும் இடத்திலேயே.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ‘எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்’ என்று கேட்டால் நீங்கள் ஓர் அணியின் பேச்சாளர். எந்தப் பக்கம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டுக் கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும். ‘இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தைக் கூறுக’ என்றால் நீங்கள் நடுவர். இரண்டு அணியின் வாதத்தையும் நியாயமாக எடுத்துவைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்லாமல் நடுவர் எழுந்து போனால் கூட்டம் விடுமா? நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் பாதி அப்படித்தான் எழுந்து போகின்றன. ‘நன்மை தீமையை விஞ்சுகிறதா’ என்பது இன்னொரு வகை. இதில் இரண்டு நன்மை, இரண்டு தீமை என்று பட்டியல் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டதோ எது கனம் என்று, தராசைத் தூக்கிப் பிடித்தால்தான் பதில். காரணமும் தீர்வும் கேட்பது, இரண்டு தனித்தனிக் கேள்விகளை அடுக்கிக் கேட்பது என்று இன்னும் சில உண்டு; அவற்றில் ஒரு பாதியை மறந்துவிடாமல் இருந்தாலே போதும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘நகரங்களில் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டும் என்று சிலர் கருதுகிறார்கள். எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள்?’ உருப்போட்டவர் ‘போக்குவரத்து’ என்ற சொல்லைக் கண்டதும் நெரிசல் கட்டுரையை இறக்கிவிடுவார்: கார்கள் பெருகிவிட்டன, புகை, மேம்பாலம், சைக்கிள் பாதை. கேட்டது நெரிசலை அல்ல, டிக்கெட் காசை. ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லில்தான் கேள்வியின் உயிர் இருக்கிறது. அதன் அடியில் கோடு போட்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

இனி ஆறேழு நிமிடத் திட்டம். நான்கே வரி. ஒன்று, என் நிலை: எல்லாருக்கும் இலவசம் வேண்டாம், மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் வேண்டும். இரண்டு, முதல் பத்தி: பெரும்பாலோரைத் தடுப்பது கட்டணம் அல்ல, சேவையின் தரம். ரங்கூன் சுற்று ரயிலில் டிக்கெட் என்றைக்குமே பெரிய பாரமாக இருந்ததில்லை. ஆனாலும் அவசரமாக ஆபீசுக்குப் போகிறவர் அதில் ஏறுவதில்லை, வேகம் போதாது. மூன்று, அடுத்த பத்தி: சிலருக்குக் கட்டணம் உண்மையிலேயே சுமை. ரங்கூனின் ஓரத்தில் உள்ள தென் டகோனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் படிக்க வரும் மாணவிக்கு ஒரு நாளைக்கு நான்கு டிக்கெட். நான்கு, முடிவு: சலுகை சிலருக்கு, மீதிப் பணம் கூடுதல் பஸ்களுக்கு. இந்தத் திட்டத்தைத் தமிழிலோ பர்மியத்திலோ கிறுக்கிக்கொள்ளலாம், அது கட்டுரையாக மதிப்பிடப்படாது. வாக்கியங்களை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது.

கேள்வித்தாளே ‘உங்கள் சொந்த அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ பொருத்தமான உதாரணம் தருக’ என்றுதான் சொல்கிறது. சுற்று ரயிலும் தென் டகோன் மாணவியும் அதற்குத் தாராளமாகப் போதும். ‘ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வின்படி 78 சதவீதம்’ என்று புளுகச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதற்கென்று ஒரு மதிப்பெண்ணும் கூடுவதில்லை.

அளவு: 260 முதல் 290 சொல். முன்னுரை 40 முதல் 50, நடுப் பத்தி இரண்டும் தலா 95 முதல் 100, முடிவுரை 30 முதல் 40. அதிகம் எழுதினால் அதிக மதிப்பெண் என்பது பள்ளிக்கூட நினைப்பு. இங்கே 350 சொல் எழுதினால் திருத்திப் பார்க்க நேரம் போய்விடும், பிழையும் கூடும். ஒரு பத்திக்கு ஒரே கருத்து: அதைச் சொல், ஏன் என்று சொல், உதாரணம் காட்டு, கேள்வியோடு முடிச்சுப் போடு. மூன்று கருத்தை ஒரே பத்தியில் திணிப்பது மூன்று கறியை அடுப்பில் ஏற்றி ஒன்றையும் வேகவிடாமல் இறக்குவது போல. முடிவுரையில் புதிய கருத்து வரக் கூடாது.

இலக்கணத்துக்கு வருகிறேன். வீட்டில் தமிழும் தெருவில் பர்மியமும் பேசும் பிள்ளைகளின் பிழைகள் இந்தியாவில் அச்சான புத்தகங்களில் முழுதாக இருப்பதில்லை. பர்மியப் பேச்சில் அசையின் ஈற்றில் மூக்கொலியோ, தொண்டையில் சட்டென்று அடைபடும் ஒலியோதான் நிற்கும். ‘ஸ்’, ‘ட்’ போன்றவை தேய்ந்துவிடும். அந்த நாக்குப் பழக்கத்தில் ‘ப்ரொவைட்ஸ்’ என்பது ‘ப்ரொவைட்’ ஆகிறது, ‘ஹெல்ப்ட்’ என்பது ‘ஹெல்ப்’ ஆகிறது. வாய் விழுங்கியதைக் கையும் விழுங்கிவிடுகிறது. பர்மிய வினைச்சொல்லின் வடிவம் ஆங்கிலத்தைப் போல ஒருமை பன்மைக்கு மாறுவதும் இல்லை. விதி தெரியாமல் செய்யும் பிழை அல்ல இது, கேட்டால் சரியாகச் சொல்வார்கள். அதனால் இன்னொரு முறை விதியைப் பாடம் நடத்திப் பயனில்லை. வீட்டில் கட்டுரையைக் கடைசி எழுத்துகளை அழுத்தி உரக்கப் படிக்க வேண்டும். தேர்வில் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வினைச்சொல்லாக விரல் வைத்து, இதைச் செய்வது யார், ஒருவரா பலரா என்று கேட்க வேண்டும்.

அடுத்தது ‘ஏ, ஆன், த’. தமிழிலும் இல்லை, பர்மியத்திலும் இல்லை. பக்கம் பக்கமாக விதி படிப்பதைவிட இரண்டைப் பிடித்துக்கொள்ளலாம். எண்ணக்கூடிய பொருள் ஒருமையில் தனியாக நிற்காது. முன்னால் ‘ஏ’யோ, ‘த’வோ, ‘திஸ்’ஸோ, ‘மை’யோ ஏதாவது ஒன்று வேண்டும். பொதுப்படையாகப் பேசும்போது பன்மைக்கும் எண்ண முடியாதவற்றுக்கும் ‘த’ வேண்டாம்: ‘சொசைட்டி’, ‘எஜுகேஷன்’, ‘சில்ட்ரன்’ என்று வெறுமனே எழுதலாம். தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் சொல்வதை நம்பி ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதுவதும் இந்த வகைதான். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் உள்ள ‘அபவுட்’ நம்முடைய ‘பற்றி’. ஆங்கிலத்தில் அதற்கு அங்கே வேலை இல்லை.

தமிழிலும் பர்மியத்திலும் ‘ஏனென்றால்’ என்று தனி வாக்கியம் தொடங்கலாம். அதே பழக்கத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு ‘பிகாஸ்’ என்று புது வாக்கியம் ஆரம்பித்தால், முன்னே உள்ள வாக்கியத்தோடு ஒட்டாமல் அது அந்தரத்தில் தொங்கும். ‘ஆல்தோ’ போட்டுத் தொடங்கியபின் நடுவில் ‘பட்’ வரக் கூடாது, இரண்டில் ஒன்று போதும். பர்மிய எழுத்தில் ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என இரண்டே நிறுத்தக் குறிகள். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் கமா போட்டு நான்கு வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 7 பேண்டுக்குப் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். எல்லா வாக்கியமும் சிக்கலாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

சொல்வளம் என்றதும் அகராதியைப் புரட்டுகிறார்கள். ‘ஓல்ட் பீப்பிள்’ என்பதைத் திரும்பச் சொல்லக் கூடாதென்று ‘ஏன்ஷியன்ட் பீப்பிள்’ என்று எழுதினால் தாத்தா பாட்டிகள் கல்வெட்டுக் காலத்துக்குப் போய்விடுவார்கள். ‘எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்’, ‘இன் திஸ் மாடர்ன் எரா’ ஆகிய இரண்டையும் ஆண்டவன் பேரால் விட்டுவிடலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’ போடுவதும் அப்படியே. இணைப்புச் சொல் இயந்திரத்தனமாக இருப்பது 6 பேண்டின் அடையாளம் என்று அட்டவணையே சொல்கிறது.

கம்ப்யூட்டரில் எழுதுகிறவர்களுக்குச் சொல் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு வராது, போனைப் போல அதுவாகத் திருத்தியும் தராது. கட்டைவிரலால் மட்டுமே தட்டிப் பழகியவர்கள் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து நோட்பேடில் பத்து விரலால் பழகட்டும். காகிதத்தில் எழுதுகிறவர்கள், தம் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் பிடிக்கிறது என்று முன்பே எண்ணிவைத்தால் தேர்வில் வரியை எண்ணினாலே போதும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் செல்லும், கலந்தடிக்காமல் இருந்தால் சரி. இன்னோர் ஆங்கிலத் தேர்வான டோஃபல் எழுதுகிறவர்கள் பழைய புத்தகக் கடைக் கைடை நம்ப வேண்டாம். அதில் உள்ள 30 நிமிடக் கட்டுரை 2023 ஜூலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

எட்டு வாரம் இருந்தால் போதும் என்பது என் கணக்கு. முதல் இரண்டு வாரம் கட்டுரையே எழுத வேண்டாம். தினம் மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடத் திட்டம் மட்டும். அடுத்த இரண்டு வாரம் தினம் ஒரு நடுப் பத்தி. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முழுக் கட்டுரை, கடிகாரம் வைத்து 40 நிமிடத்தில். திருத்தி வாங்கியதை மூடி வைக்காமல் அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். இந்த ஒன்றைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, பலன் அதிகம் தருவதும் இதுதான். புதிது புதிதாக இருபது எழுதுகிறவர் அதே பிழையை இருபது முறை பழகிக்கொள்கிறார். பிழைகளுக்குத் தனி நோட்டுப் போட்டால், நான்காவது வாரத்தில் தம் பிழை ஐந்தாறு வகைதான் என்பது அவருக்கே தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் மாதிரிக் கட்டுரையை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு கேள்வியும் அதற்கு நான்கு வரித் திட்டமும் போடுங்கள். அடுத்த வாரம், வந்தவற்றில் சுமாரான ஒரு கட்டுரையைப் பெயர் இல்லாமல், பிழைகளின் அடியில் கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தோடு வெளியிடுங்கள். நன்றாக எழுதியதைப் போட வேண்டாம், அதையும் கத்தரித்து ஒட்டிவிடுவார்கள். திருத்தித் தருவதற்கு நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் தயாராக இருக்கிறோம். தொடங்குவதற்கு மேலே உள்ள இலவசப் பயணக் கேள்வியையே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
ரங்கூன்