விதைக்கக் கற்றுக்கொடுத்தவர்

கொழிஞ்சாம்பாறை

அன்புக் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது.

ஆபீஸ்காரம்மா தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், "அது அவங்க ஊர்ப் பொங்கலாம்மா?" என்று கேட்டாயே. பாதி அப்படித்தான், அமெரிக்காவில் அறுப்புக்கு நன்றி சொல்லும் விருந்து.

1620 கடைசியில் இங்கிலாந்திலிருந்து குடியேற வந்து, அமெரிக்காவின் பிளிமத்தில் கப்பலை விட்டு இறங்கிய நூறு பேரில் பாதிப்பேர் முதல் குளிரையே தாண்டவில்லை. மிஞ்சியவர்களுக்கு மக்காச்சோளம் போடக் கற்றுக்கொடுத்தவர் டிஸ்குவாண்டம் என்ற பூர்வகுடி. விதைக்கிற இடத்தில் மீனைப் புதைத்து எருவாக்கச் சொன்னவர் அவர்தான். 1614-இல் இங்கிலாந்துக் கப்பல்காரன் ஒருவன் அவரைப் பிடித்து ஸ்பெயினில் விற்கக் கொண்டுபோனான். ஐந்து வருஷம் கழித்து ஊர் திரும்பினால், ஊரே கொள்ளைநோயில் அழிந்து கிடக்கிறது. அந்த மண்ணில்தான் இவர்கள் வந்து குடியேறினார்கள். அத்தனைக்கும் பிறகும் விதைக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் பார், எனக்கு மனசே ஆறவில்லை.

1621-இல் அறுப்பு முடிந்து மூன்று நாள் விருந்து, அதைத்தான் முதல் தேங்க்ஸ்கிவிங் என்கிறார்கள். வாம்பனோக் என்ற பூர்வகுடிகளின் தலைவர் மாசசோயிட் தொண்ணூறு ஆட்களோடு வந்தார். ஐந்து மான் அடித்துக் கொடுத்தார்கள். குடியேறியவர்களோ ஐம்பது பேர்தான். மாசசோயிட்டின் மகன் காலத்தில், 1675-இல், இரண்டு தரப்புக்கும் பெரும்போர் மூண்டது. இன்றைக்கு ஊரே விருந்துண்ணும் நாளில், பிளிமத்திலேயே பூர்வகுடிகள் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள், 1970-லிருந்து. விருந்து வீட்டில் போய் இதை எடுத்துவிடாதே, தெரிந்து வைத்துக்கொள். ஜனாதிபதி லிங்கன் 1863-இல், உள்நாட்டுச் சண்டை நடுவே, தேங்க்ஸ்கிவிங்குக்கு நாடு முழுக்க ஒரே நாள் என்று அறிவித்தார். நவம்பர் நாலாவது வியாழன் என்று சட்டமானது 1941-இல். கனடாக்காரர்கள் அக்டோபரிலேயே முடித்துவிடுவார்கள்.

நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுக்காவில் ஒன்றாம் போகத்துக்கு ஓணம், இரண்டாம் போகத்துக்குத் தை. ஆழியாற்றுத் தண்ணீர் வந்தால்தான் இரண்டாம் போகமே. அதற்குத் தமிழ்நாடும் கேரளமும் மல்லுக்கட்டுவது தனிக்கதை. பட்டிப் பொங்கலன்று சின்னதாய்த் தெப்பக்குளம் கட்டி மாட்டை அதன் வழியே ஓட்டுவோமே, அதற்கு ஊட்டிய பிறகுதானே நமக்கு இலை போடுவார் உன் அப்பா? உழைத்தவருக்கு முதல் பந்தி. டிஸ்குவாண்டத்துக்கு அது கிடைத்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வான்கோழி வைப்பார்கள், உனக்குப் பிடிக்காவிட்டால் விடு. பரங்கிக்காயில் ஓர் இனிப்பு இருக்கும், சாப்பிட்டுப் பார். வெறுங்கையை வீசிக்கொண்டு போகாதே, பருப்புப் பாயசம் செய்து எடுத்துப்போ. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டு, மண் இருக்கும். முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி உடனே இறக்கிவிடு, கொதித்தால் திரிந்துவிடும்.

அம்மா