வெயிலில் வாசித்த நாளிதழ்

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை வீட்டில் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். என் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். கண் அழுத்த நோயாம், தொடக்க நிலைதான். இரவில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் என் விழித்திரையின் ஸ்கேனைக் காட்டினார். ஆற்றோர வண்டல்போல அடுக்கடுக்காக இருந்தது. மொத்தத் தடிமனே ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். அன்றிலிருந்து அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

கண் ஒரு கேமரா என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அது போதாது, ராமநாதா. ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் சேர்ந்து 12 கோடிக்கு மேல். மூளைக்குப் போகும் பார்வை நரம்பிலோ சுமார் 10 இலட்சம் இழைகள்தான். கண்டதையெல்லாம் அனுப்ப இடமில்லை. விழித்திரையே சலித்துத்தான் அனுப்புகிறது.

எப்படிச் சலிக்கிறது என்பதை 1953இல் ஸ்டீபன் கஃப்ளர் என்ற நரம்பியல் ஆய்வாளர் பூனையின் விழித்திரையில் காட்டினார். நரம்பிழையை மூளைக்கு அனுப்பும் கேங்க்ளியான் செல் ஒன்றை எடுத்துக்கொள். விழித்திரையில் அது கவனிக்கும் சிறு வட்டத்துக்கு நடுவில் ஒளிப்புள்ளி விழுந்தால் படபடவென்று துடிக்கிறது. சுற்று வளையத்தில் விழுந்தால் அடங்கிவிடுகிறது. வட்டம் முழுவதும் ஒரே சீராக ஒளி பரவினால் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. நடுவும் ஓரமும் நேர்மாறாக நடந்துகொள்ளும் செல்களும் உண்டு. ஆக, அவை சொல்வது பக்கத்துக்குப் பக்கம் உள்ள வித்தியாசத்தைத்தான்.

நேற்று நாளிதழை முற்றத்து வெயிலில் வைத்து வாசித்தேன், இரவில் விளக்கடியில் மறுபடியும் எடுத்தேன். வெயிலில் அந்தக் கறுப்பு மை திருப்பியனுப்பிய ஒளி, விளக்கடியில் வெள்ளைத் தாள் திருப்பியதைவிட அதிகம்! ஆனாலும் இரண்டு வேளையும் மை கறுப்பாகவும் தாள் வெள்ளையாகவும்தான் தெரிந்தன. வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் என்னை உலுக்கியது. இருட்டில்தான் ஒளி உணரும் செல்கள் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்லும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை ஓயாமல் சுரக்கின்றன. ஒளி பட்டால் சுரப்பு குறைகிறது. வெளிச்சம் வந்த செய்தி அந்தக் குறைவிலிருந்துதான் கிளம்புகிறது.

என் நோயில் சாவது அந்தக் கேங்க்ளியான் செல்கள்தாம். போனவை திரும்ப முளைப்பதில்லை. வலி கிடையாது; பெரும்பாலும் ஓரப் பார்வை முதலில் தேய்வதால் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

உன் அப்பா கடைசிக் காலத்தில் தட்டுத்தடுமாறி நடந்தாரே, அது என்ன நோய் என்று அண்ணனிடம் கேட்டுப் பார். கண் அழுத்தமாக இருந்தால் உனக்கும் வர வாய்ப்பு அதிகம். இந்த வாரமே போய்க் கண்ணைக் காட்டிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சுந்தரம்