கட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் சட்ட ஆலோசனைப் பகுதியில் ஒரு வாசகி கேட்டிருந்தார். தன் கடையின் இணையதளத்தில் இருந்த படத்துக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, என்ன செய்வது என்பது அவர் கேள்வி. "அடுத்தவர் படத்தை எடுத்துப் போட்டால் நோட்டீஸ் வரத்தான் செய்யும், கட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்" என்று நீங்கள் பதிலை முடித்துவிட்டீர்கள். அந்தப் பெண் படத்தை எங்கே வாங்கினார், வாங்கியதற்கு பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வரும் வீடு இது. அதனால்தான் மனசு ஆறாமல் எழுதுகிறேன்.

சிவகாசியில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு, அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்து காலண்டர் ஆல்பம் போடுவது எங்கள் ஊர் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது அதை இணையதளத்திலும் போடுகிறோம். அதில் இருந்த ஒரு நீர்வீழ்ச்சிப் படத்துக்கு 48,000 ரூபாய் கேட்டு எனக்கும் அதேபோல் ஒரு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு வாரத்தில் கட்டினால் 35,000 போதுமாம். படங்கள் விற்கும் இணையதளத்துக்கு எங்கள் டிசைனர் முறையாக மாதச் சந்தா கட்டி இறக்கிய படம் அது. பில்லை அனுப்பினேன். பில்லில் இருப்பது டிசைனர் பெயர், உங்கள் அச்சகத்தின் பெயர் இல்லை, ஆகவே செல்லாது என்று பதில் வந்தது. எங்கள் தொழிலில் யார் அச்சக முதலாளி பெயரில் படம் இறக்குகிறார்கள்? டிசைனர்தான் இறக்குவார், அவர் பெயரில்தான் பில் இருக்கும். வாடிக்கையாளருக்காக டிசைனர் பயன்படுத்தலாம் என்று அந்த லைசென்ஸிலேயே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தையும் அனுப்பினேன். அதைப் பற்றி ஒரு வரி பதில் இல்லை. படம் எடுத்தவர் யார், அவர் உங்களுக்குக் கொடுத்த அதிகாரம் எங்கே என்று கேட்டதற்கும் பதில் இல்லை. தொகை மட்டும் அடுத்த மின்னஞ்சலில் கூடியிருந்தது.

அந்த மின்னஞ்சலில் ஒன்றரை லட்சம் டாலர் வரை அபராதம் என்றும் எழுதியிருந்தார்கள். அது அமெரிக்கச் சட்டம், அங்கும் வேண்டுமென்றே மீறியவர்களுக்கான உச்சவரம்பு. நமது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி முன்கூட்டியே குறித்து வைத்த இழப்பீட்டுத் தொகை கிடையாது. நஷ்டம் என்ன என்று நீதிமன்றம்தான் பார்த்து முடிவு செய்யும். தெரிந்தே மீறுகிறவருக்கு 63ஆவது பிரிவில் சிறைத் தண்டனை உண்டு என்பது உண்மை. போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் அது என்று உச்ச நீதிமன்றமும் 2022ல் சொல்லிவிட்டது. சின்னக் கடைக்காரர்கள் எதற்கு வம்பு என்று பணத்தைக் கட்டுவது இந்தப் பயத்தில்தான். ஆனால் அதே சட்டத்தில் 60ஆவது பிரிவும் இருக்கிறது. ஆதாரமில்லாமல் இப்படி மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றம் போய் தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். மிரட்டியவர் உடனே முறையாக வழக்குப் போட்டு நடத்தினால்தான் அந்த வழி அடைபடும். இதை அந்த வாசகிக்குச் சொல்ல உங்கள் பகுதியில் இடமில்லையா?

நோட்டீஸ் வந்தாலே தப்பு செய்தவர் என்று எழுதிவிட்டீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பல்லாயிரம் படங்களை, எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று அந்நாட்டின் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தவர் அவர். அவர் எடுத்த படத்துக்கே 120 டாலர் கட்டச் சொல்லி 2015 கடைசியில் அவருடைய அறக்கட்டளைக்கு நோட்டீஸ் போயிற்று. மறு ஆண்டு, படங்களுக்கு லைசென்ஸ் விற்கும் கெட்டி இமேஜஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பதிப்புரிமை தொடர்பான அவருடைய கோரிக்கைகள் தள்ளுபடியாகிவிட்டன. அவரையும் கட்டிவிட்டுப் போகத்தான் சொல்வீர்களா?

படம் எடுத்தவருக்குக் காசு போய்ச் சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து துளியும் இல்லை. அதனால்தான் இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. சிவகாசி என்றால் உங்களுக்குப் பட்டாசு விபத்தும் காப்பியடிப்பதும்தான் செய்தி. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது எங்கள் ஊர் அச்சகங்கள். அடியில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தோடுதான் அச்சடித்தோம். உங்கள் தீபாவளி மலரில் கொண்டையராஜுவின் லட்சுமி படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டீர்கள். கையெழுத்து இருந்த கீழ் ஓரத்தை வெட்டிவிட்டு, மூலையில் 'படம்: இணையம்' என்று போட்டிருந்தீர்கள். அவர் இறந்தது 1976ல். ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு என்பது சட்டம். அப்படியென்றால் 2036 முடியும்வரை அந்தப் படத்துக்கு உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவும் இல்லை, பதிலும் இல்லை. கடைக்காரப் பெண்ணைத் திருடிபோல் பேசுகிற பத்திரிகை, ஓவியர் பெயரை வெட்டிப்போட்டதற்கு ஒரு வரி வருத்தம் தெரிவிக்கவில்லையே என்பது என் ஆதங்கம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே சட்டப் பகுதியில், அதே அளவு எழுத்தில், 60ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்று வரும் ஞாயிறு போடுங்கள். நோட்டீஸ் வந்தால் முதலில் படத்தின் உரிமை அவர்களுக்கு உண்டா என்று ஆதாரம் கேளுங்கள், பில்லைத் தேடி வையுங்கள், வக்கீலைப் பாருங்கள், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அந்த வாசகிக்குச் சொல்லுங்கள். இந்த ஆண்டு மலரில் கொண்டையராஜு படம் வந்தால் அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
சிவகாசி