தூங்கி எழுந்ததும் குழந்தைக்குத் தூக்கிப் போடுகிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான்கு முதல் ஏழு மாதக் குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைத் தொங்கவிட்டு, கைகளை விரித்து, உடம்பைச் சட்டென மடக்குகிறது. ஓரிரு விநாடிதான். சற்று விட்டு மறுபடியும் அதேபோல், வரிசையாகப் பல தடவை, இடையில் அழுகை. காய்ச்சல் இல்லை, நுரை தள்ளவில்லை. அதனால் வலிப்பு என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 'உரம் விழுந்திருக்கு', 'வயிற்று வலி' என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. வயிற்று வலி இப்படி ஒரே அச்சாக, விட்டு விட்டு வராது. சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் வரிசையாகத் தொடராது.

இது சிசுக்களுக்கு வரும் கடுமையான வலிப்பு. இங்கிலாந்து மருத்துவர் வெஸ்ட், தன் மகனிடம் கண்டதை 1841இல் லான்செட் இதழுக்கு எழுதினார். நோய்க்கும் அவர் பெயரே. குழந்தை சிரிப்பதை, முகம் பார்ப்பதை நிறுத்தியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

நல்ல வெளிச்சத்தில், துணியை விலக்கி, முகமும் கைகால்களும் தெரிய, முதல் அசைவிலிருந்து கடைசி வரை கைபேசியில் படமெடுங்கள். மருத்துவர் முன் குழந்தை சும்மா இருக்கும், படம்தான் பேசும். ஓரிரு நாளுக்குள் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பதிவில் தூக்கமும் விழிப்பும் இரண்டும் இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தது 'நார்மல்' என்று வரலாம். அதை நம்பி வீடு திரும்பக் கூடாது. பிறந்தபோது தாமதமாக அழுததா, ரத்தச் சர்க்கரை குறைந்ததா என்பதைச் சொல்லுங்கள். தோலில் இலை வடிவ வெளிறிய திட்டுகள் இருந்தால் காட்டுங்கள். அவை டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோயில் விகாபாட்ரின் மருந்தே முதல் தேர்வு. மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. வழக்கமான வலிப்பு மருந்துகள் பலவும் இதில் போதிய பலன் தருவதில்லை. சிகிச்சை தள்ளிப்போகப் போக, வளர்ச்சி பின்தங்கும் ஆபத்து கூடுகிறது. அசைவு நின்றுவிட்டதென்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து.

அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 14ஆவது வாரத்துக்குப் பிறகு அடுத்த ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான். நோய் அதிகம் தொடங்குவது இந்த இடைவெளியில். ஆகவே 14ஆவது வார ஊசிக்கு வரும் தாய்மார்களுக்குக் கிராம சுகாதார செவிலியர்கள் இந்த அசைவின் காணொளியைக் காட்ட, பொது சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

குழந்தை நரம்பியல் மருத்துவர், திருச்சி