அப்பாவுக்கு, ஈசூனிலிருந்து

சிங்கப்பூர்
ஆடி 14

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தங்கையும், அக்கா வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கக் குன்றக்குடி முருகன் துணை. தங்கையின் கையெழுத்தில் நீங்கள் அனுப்பிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. சித்திரைக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் என்னை இந்த ஒரு வாரமும் உறுத்திக்கொண்டிருந்தது. போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆகவே இன்று விடுப்பு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சீனாவில் காட்டு ஓட்டப் போட்டியில் 21 பேர் இறந்துபோன காணொளியை அக்கா மகன் காட்டியதிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையாக நடந்ததுதான் அப்பா. 2021 மே 22 அன்று, கான்சு மாநிலத்தில் மஞ்சள் ஆற்றங்கரை மலைகளில் நடந்த 100 கிலோமீட்டர் போட்டி அது. ஓடியவர்கள் 172 பேர். காலையில் அரைக்கால் சட்டையோடு கிளம்பியவர்களை, ஆயிரம் மீட்டர் ஏறவேண்டிய ஒரு நீண்ட மலைப்பகுதியில் ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் பிடித்துக்கொண்டன. காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லாததால் பலரிடம் அது இல்லை. நனைந்த உடம்பில் காற்று அடித்தால் சூடு எவ்வளவு வேகமாக இறங்கும் என்பது, ஐப்பசி மழையில் ஆட்டுக்குட்டிகளைச் சாக்கில் சுற்றி அடுப்படிக்குக் கொண்டுவரும் நம் வீட்டுக்குத் தெரியாததா? அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அன்று அந்த மலையில் ஆறு பேரைக் காப்பாற்றியவர் சூ கெமிங் என்ற ஓர் ஆடு மேய்ப்பவர். மழைக்கு ஒதுங்க ஒரு குகையை வைத்திருந்தார். துவண்டு நின்றவர்களை அதற்குள் கூட்டிப்போய்த் தீ மூட்டி, போர்வை கொடுத்து உட்காரவைத்தார். அதைப் படித்தபோது எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நான் ஓடும் இடம் அப்படிப்பட்ட மலை இல்லை. சிங்கப்பூரின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 163 மீட்டர்தான். இங்கே பகை குளிர் இல்லை, ஈரம். விடியற்காலையிலும் 25 பாகை வெப்பம். காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது காயாது, சொட்டிக்கொண்டே இருக்கும். காலணிக்குள் இறங்கிக் குளம் கட்டும்; ஊறிய தோல் வெளுத்து உரியும். நீங்கள் பழனிக்கு நடக்கும்போது, சிங்கம்புணரி தாண்டியதும் ஓரிடத்தில் உட்கார்ந்து பாதத்தில் விளக்கெண்ணெய் தடவுவீர்களே, அதையேதான் நான் இங்கே செய்கிறேன். மற்றவர்கள் விலை கூடிய களிம்புக் குப்பிகளை எடுக்கும்போது நான் எண்ணெய்ப் புட்டியை எடுப்பதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவரும் அதற்கு மாறிவிட்டார்.

அவரைப் பற்றிப் போனில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். வயது 67; முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற சீனர். நான் பழுது பார்ப்பது லிஃப்ட், அதாவது இங்கே தமிழில் எழுதும் மின்தூக்கி. அவரோ அதில் ஏறாத மனிதர். நான் குடிவந்த மாதம் ஒரு நாள், இரவு வேலை முடித்து விடியற்காலை நாலு மணிக்குத் திரும்பியபோது, பத்து கிலோ அரிசி மூட்டையை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார். லிஃப்ட் நின்றுவிட்டதோ என்று பதறிப்போய்க் கேட்டேன். கையை ஆட்டிவிட்டு மேலே போய், மறுபடி இறங்கி, மறுபடி ஏறினார். எங்கள் அடுக்குமாடியில் 12 மாடிகள். கீழிருந்து உச்சிவரை ஏறினால் முப்பது மீட்டருக்குச் சற்று மேல். அவர் அப்படி முப்பது முறை ஏறுகிறார். மலையே இல்லாத ஊரில் ஆயிரம் மீட்டர் மலையை இப்படித்தான் ஏறமுடியும். ஐரோப்பாவில் மோன் பிளாங் மலையைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாக ஓடும், சுமார் 170 கிலோமீட்டர் தூரமும் மொத்தமாகப் பத்தாயிரம் மீட்டர் ஏற்றமும் உள்ள போட்டியின் படம் அவர் வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது. அங்கே போகப் பணம் சேர்த்துவருகிறார். அரிசி மூட்டையைப் பிரித்துச் சமைத்துவிட்டால், அடுத்த மூட்டை வாங்கும்வரை ஓய்வு. அந்தக் கஞ்சியில் எனக்கும் ஒரு கிண்ணம் உண்டு. உப்பு முட்டையும் கீரையும் வைத்து அவர் மனைவி தருவார். நம் வீட்டு நோன்புநாள் கஞ்சி போலவே இருக்கும். சுக்கு மட்டும் இருக்காது.

செலவைப் பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம். ஆனி மாதம் நான் ஓடிய போட்டியில் சென்ற ஆண்டு தண்ணீர் கொடுக்கும் தொண்டராக நின்றதால் இந்த முறை எனக்குக் கட்டணம் இல்லை. பெரியவருக்கும் எனக்கும் கால் அளவு ஒன்று என்பதால் காலணியும் வாங்கவேண்டியிருக்கவில்லை. வேலைக்கும் இப்போது பேருந்தில் போவதில்லை, நடந்தே போய்வருகிறேன். காலுக்கு நல்ல பயிற்சி. இரவில் அவல் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன், வயிற்றுக்கு லேசாக இருக்கிறது. அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஷிப்ட் வேறு வேறு என்பதால் ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் தூங்குவார். ஆனாலும் ஆள் அரவம் இருக்கிறது, தனிமை என்று ஒன்றும் இல்லை.

ஆனி மாதம் நடந்த போட்டியைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்கள். மறைத்து எழுதினால் அம்மாவுக்குச் சந்தேகம்தான் கூடும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நள்ளிரவில் தொடக்கம். முன்பு மலாயா ரயில் ஓடிய பாதை 2011இல் சிங்கப்பூருக்குத் திரும்பிவந்தது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஊட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் பசும்பாதையாக வைத்திருக்கிறார்கள். அதில் போய்த் திரும்பி, காலை ஏழு மணிக்கு மேல் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் நுழைந்து பதினோரு கிலோமீட்டர் சுற்றை இருமுறை முடிக்கவேண்டும். ஆக மொத்தம் 70 கிலோமீட்டர். நெற்றியில் விளக்கு, முதுகில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஊதல், சுருட்டினால் கைக்குட்டை அளவே வரும் வெள்ளித்தாள் போர்வை ஆகியவை இல்லாமல் யாரையும் கிளம்பவிடுவதில்லை.

தண்ணீரைப் பற்றித்தான் அம்மா அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் போனில் எப்போதும் "நிறையத் தண்ணீர் குடி" என்கிறார்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். விரல் வீங்கும், தலை குழம்பும், உயிருக்கே ஆபத்தாகும். தாகத்துக்குத் தக்கபடி குடித்து, உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் உப்பு மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். நான் புளியோதரையை எலுமிச்சம்பழ அளவு உருண்டை பிடித்து, வாழையிலைத் துண்டில் சுற்றி எடுத்துப்போகிறேன். முப்பதாவது கிலோமீட்டரில் இனிப்பு எதைக் கண்டாலும் குமட்டும்போது, புளியும் நல்லெண்ணெயும் நாக்கில் பட்டால் போன உயிர் திரும்பி வரும்.

நாலரை மணி அளவில், திரும்பி வரும் வழியில், சுமத்ரா காற்று வந்தது. அந்தத் தீவுப் பக்கமிருந்து கடலைத் தாண்டி விடியலுக்கு முன் வந்து அடிக்கும் இடிமழையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மின்னல் நெருங்கியதும் போட்டியை நிறுத்தி, எங்கள் எல்லோரையும் ஒரு மேம்பாலத்தின் கீழே ஒதுங்கச் சொன்னார்கள். அரைமணி நேரம் நின்றிருப்போம். 24 பாகையில் யாராவது குளிரில் நடுங்குவார்களா? நனைந்த சட்டையோடு அசையாமல் நின்றதில் என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பற்கள் கிட்டித்துக்கொண்டன. என் வெள்ளித்தாள் போர்வையைப் பிரித்து அவர் தோளில் சுற்றினேன். கான்சு மலையில் அன்று அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் என் உடம்புக்குப் புரிந்தது.

மழை விட்டது. பாலத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னும் இருட்டு. மண் நனைந்த வாசனை வந்த திசையில், மரங்களுக்குள் ஒரு குயில் கூவியது. இங்கே குயில்கள் நிறைய உண்டு, தினமும் கேட்பதுதான். ஆனால் அந்த நேரத்தில், கால் முழுக்கச் சேறோடு அதைக் கேட்டபோது, கொல்லைப் புளியமரத்தடியில் நீங்கள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பதும், அம்மா வாசலில் சாணம் தெளிக்கும் சத்தமும் அப்படியே வந்து நின்றன. நாலு வருடம் ஆகிறது அப்பா. நெற்றி விளக்கை அணைத்துவிட்டேன். சற்றுநேரம் யாரும் என் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று இருந்தது.

பிறகு ஓடினேன். மெக்ரிட்சிக் காட்டில் முதல் சுற்றை முடித்தபோது மணி ஒன்பதரை. இரவு பெய்த மழையை வெயில் ஆவியாக்கிக் கிளப்ப, மரங்களுக்கிடையே இட்லிப்பானைக்குள் நடப்பதுபோல இருந்தது. வேர்கள் படிக்கட்டாக ஓடும் ஓர் ஏற்றத்தில், அந்தப் புழுக்கத்தில், என் இரண்டு கைகளிலும் மயிர்க்கூச்செறிந்தது. வெயிலில் புல்லரித்தால் உடனே நின்றுவிடவேண்டும், உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்று பெரியவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 63ஆவது கிலோமீட்டர். இன்னும் ஏழுதான். நின்றுவிட்டேன். அங்கிருந்த தொண்டர்கள் நிழலில் படுக்கவைத்து, பனிக்கட்டி நீரில் நனைத்த துண்டுகளைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றேன். பெரியவர் பிற்பகல் ஒரு மணிக்கு முடித்துவிட்டு நேராக என்னிடம் வந்து, என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "காடு எங்கேயும் போகாது" என்று மட்டும் சொன்னார். நத்தத்தில் கால் வீங்கிய ஆண்டு நீங்கள் காவடியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தீர்களே, அன்று நான் உங்களைப் பார்த்து வெட்கப்பட்டேன். பத்து வயதுப் பையனுக்கு வேறென்ன தெரியும்? அதை இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: நீங்கள் செய்தது சரி.

அதனால்தான் இதையும் எழுதுகிறேன். வரும் தைப்பூசத்துக்கு மறுபடி நடக்கப்போவதாக அக்கா சொன்னது. முழங்காலைக் காட்டிவிட்டு, மருத்துவர் சரி என்றால் மட்டும் நடங்கள். நடந்தால் நீர்மோரில் உப்புக் கூட்டிக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன்பே அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். நான் இங்கே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் எடுக்கிறேன். அது குறைந்த தூரம்தான், ஆனால் அன்று நீங்களும் நானும் ஒரே நாளில் நடந்தவர்களாக இருப்போம்.

தங்கைக்கு அறந்தாங்கியிலிருந்து வந்திருக்கும் இடம் எனக்கும் மனதுக்குப் பிடித்திருக்கிறது. ஆவணியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கல்யாணத்தைத் தைக்குத் தள்ள முடியுமா என்று பெரிய மாமாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அதற்குள் இங்கே எல்லாம் ஒழுங்காகிவிடும். இந்த மாதம் அனுப்பிய தொகை குறைந்ததற்கு மிகைநேர வேலை சற்றுக் குறைந்ததுதான் காரணம்; வேறொன்றும் இல்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் புதிதாக வாங்கவேண்டாம், சுருளை மட்டும் மாற்றிச் சுற்றித் தரச் சொல்லுங்கள். வடக்குவயல் பட்டாவைத் தனியாகப் பிரிக்கச் சித்தப்பா கேட்கும் கையெழுத்தை, நில அளவையர் வந்து கல் நடும்வரை போடவேண்டாம். அவரிடம் கோபப்படவும் வேண்டாம், அன்று காவடியை வாங்கிக்கொண்டு பழனிவரை நடந்தவர் அவர்தான்.

அத்தை மகன் புரட்டாசியில் திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு லிட்டர் விளக்கெண்ணெய் கொடுத்தனுப்புங்கள், செக்கில் ஆட்டியது. பாதியைப் பெரியவருக்குக் கொடுக்கவேண்டும். செவலை கன்று போட்டதா, என்ன கன்று என்று அடுத்த கடிதத்தில் தங்கையை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்