தாஹோ ஆற்றங்கரைக்கு அடுப்பு வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்பெயினில் சைக்கிள் பயணம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்படி ஒன்று வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் செலவைக் குறைக்க ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்களே, அதை அப்படியே விட மனமில்லை. மாட்ரிட்டிலேயே மொத்தச் சாமானையும் வாங்கிக்கொண்டு, ஒரு கேஸ் அடுப்பையும் கேரியரில் கட்டிக்கொண்டால், ஆற்றோரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக் கூடாரத்தில் தூங்கி, கைக்காசு கரையாமல் திரும்பிவிடலாம் என்கிறார் கட்டுரையாளர். மாட்ரிட்டுக்குக் கிழக்கே தாஹோ ஆற்றுப் பக்கம் சைக்கிளில் சுற்றியவன் சொல்கிறேன், இதை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் மாட்ரிட்டில் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் மருமகனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் திட்டு விழும், அது தனிக்கதை.

கட்டுரை பெரும்பாலும் ‘பச்சைப் பாதை’களையே சுற்றி வந்தது. கைவிட்ட ரயில் தடங்களைச் செப்பனிட்டு நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிடும் திட்டம் 1993-இல் அங்கே தொடங்கியது. இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் அப்படிப்பட்ட பாதைகள் இருக்கின்றன. நல்ல காரியம்தான். ரயில் ஏறிய ஏற்றம் என்பதால் மூச்சு வாங்காது, சுரங்கங்களில் வெயில் தெரியாது. கட்டுரையாளர் புகழ்ந்திருக்கும் வால் தே சஃபான் பாதையில் நானும் போயிருக்கிறேன். கடல் வரை போக வேண்டிய அந்தத் தடம் தொர்தோசாவோடு நின்றுபோனது. 1973-இல் ஒரு சுரங்கம் சரிந்ததும், அதைச் சீர்செய்யாமல் தடத்தையே மூடிவிட்டார்கள். ரயில்வேயில் சம்பளம் வாங்கியவனுக்கு அந்தச் சுரங்கங்களுக்குள் மணியடித்துக்கொண்டு சைக்கிள் விடுவது முழு சந்தோஷமாக இருக்காது. விடுமுறை நாட்களில் கூட்டமும் உண்டு.

ஆளரவமற்ற சாலை வேண்டும் என்றால் தனிப் பாதை எதுவும் தேவையில்லை. மாட்ரிட்டுக்குக் கிழக்கே, குவாதலஹாரா, குவென்கா மாகாணங்களில் ஆறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஊருக்கு ஊர் போகும் சாதாரணத் தார்ச்சாலையிலேயே அரை மணி நேரத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம். வருகிற காரும் உங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம். எதிரே வண்டி வந்தால் அந்த ஓட்டுநர் பொறுமையாகப் பின்னாலேயே வருவார். திருச்சி–தஞ்சாவூர் சாலையில் சைக்கிள் விட்டவனுக்கு முதலில் இது சந்தேகமாகத்தான் இருந்தது. ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

கிளம்புவதற்கு நல்ல இடம் சிகுவென்சா. மாட்ரிட்டிலிருந்து வரும் சாதாரண ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். அதிவேக ரயில் என்றால் மடக்கியோ கழற்றிப் பையில் கட்டியோதான் விடுவார்கள். ஊரைத் தாண்டியதுமே துல்சே ஆற்றின் பள்ளத்தாக்கு, அதன் விளிம்பில் பெலெக்ரினா என்ற குட்டி ஊர். அங்கிருந்து மேட்டு நிலத்தில் ஒரு நாள் மிதித்தால் மோலினா தே அரகோன். ஸ்பெயினில் குளிருக்குப் பேர்போன ஊர் இது, 1952 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரி வரை போயிருக்கிறது. ஜூன் மாதத்தில்கூட இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

மோலினாவுக்குப் பக்கத்தில் கொர்துவெந்தேயில் திரும்பினால் கய்யோ என்ற சிற்றாறு கூடவே வரும். வெந்தோசாவைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சிவப்பு மணற்பாறை செங்குத்தாக எழுந்துவிடுகிறது. கூழாங்கல் பதிந்த அடுக்குகளைச் சைக்கிளில் போகும்போதே கையை நீட்டித் தொடலாம் போலிருக்கும். பாறையின் அடியில் மாதா கோயில், வாசலில் நீரூற்று. அந்த வட்டாரத்துக்கே அதுதான் குலதெய்வக் கோயில் மாதிரி. கய்யோ போய்த் தாஹோ ஆற்றில் சேரும் இடம் சான் பெத்ரோ பாலம். அங்கே பாறை சுண்ணாம்புக்கல்லாக மாறிவிடும், தண்ணீரும் பச்சை கலந்த நீலமாகத் தெரியும். போர்த்துகலில் லிஸ்பன் வரை போகும் ஆறு இதுதான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பாலத்திலிருந்து மேல்நோக்கிப் பைன் காட்டுக்குள் மண்பாதை போகிறது. சன்ன டயர் போட்ட ரேஸ் சைக்கிள் அங்கே உதவாது. இந்தத் தண்ணீரில்தான் ஒரு காலத்தில் வெட்டிய பைன் மரங்களை மிதக்கவிட்டு அரான்ஹுவெஸ் வரை ஓட்டிப்போனார்கள். நீண்ட கழியில் கொக்கி மாட்டிக்கொண்டு கட்டைமேல் நின்றே போவார்களாம். அந்தத் தொழில் போன பிறகும் பெரலெஹோஸ், பொவேதா உள்ளிட்ட ஐந்து ஊர்க்காரர்கள் முறை வைத்து வருஷா வருஷம் கோடை முடிவில் விழாவாக அதை நடத்துகிறார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது.

தலைக்கு மேலே எப்போதும் பாறு கழுகுகள் வட்டமிடும். நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் விரல்விட்டு எண்ணுகிற அந்த இனத்தின் சொந்தங்கள் அங்கே கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. செத்த மாட்டின் இறைச்சி வழியாக நம் பாறுகளைக் கொன்ற டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை இங்கே 2006-இல் கால்நடைகளுக்குத் தடை செய்தோம். அங்கே 2013-இல் அதே மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இதை என்னவென்று சொல்வது!

சரி, அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2005 ஜூலையில் ரிபா தே சயெலிசெஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுற்றுலா வந்தவர்கள் இறைச்சி சுட மூட்டிய தீ காட்டில் பரவியது. அணைக்கப் போன 11 பேர் அதில் மாண்டார்கள். நான் மேலே சொன்ன பாதைகளுக்கு மிக அருகில் நடந்தது இது. கோடையில் அந்தக் காடுகளில் தீ மூட்டவே கூடாது. தாஹோவின் இந்த மேற்பகுதி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா, அதன் எல்லைக்குள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவும் முடியாது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுப்பை எடுத்து வைக்கிற வெளியூர்க்காரனை அங்குள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், சாலை ஏன் இவ்வளவு காலியாக இருக்கிறது? மோலினா வட்டாரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2 பேர்தான். நம் தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி 555. 1950, 60-களில் பிழைப்புக்காக மாட்ரிட், பார்சிலோனா, சரகோசா என்று போனவர்கள் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடம் மூடியது. 2019 மார்ச் 31 அன்று இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மாட்ரிட்டில் திரண்டு பேரணி நடத்திய பிறகும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. 2022 ஜூலையில் தரான்கோனிலிருந்து குவென்கா வழியாக உதியெல் போகும் பழைய ரயில் தடத்தையும் மூடினார்கள். நாளைக்கு அதுவும் பச்சைப் பாதையாகி, நம் இணைப்பிலேயே அழகான படத்தோடு வரலாம்.

இந்த ஊர்களில் மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரு சாப்பாட்டுக்கடைதான். பார் என்பார்கள், ஆனால் காபியிலிருந்து மதியச் சாப்பாடு வரை, தபால் விசாரிப்பு வரை எல்லாம் அங்கேதான். பல ஊர்களில் ஊராட்சியே இடத்தைக் கொடுத்து, நடத்த வருகிறவர்களுக்குக் குடியிருக்க வீடும் கொடுத்து ஆள் தேடுகிறது. ரொட்டி வேனில் வரும். ஒரு காலையில் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வேன் ஹாரன் அடித்தது. இரண்டு பாட்டிகள் மட்டும் வெளியே வந்தார்கள். மற்ற வீடுகளில் கதவுக் கைப்பிடியில் துணிப்பை தொங்கியது. வேன்காரர் யார் வீட்டுக்கு எத்தனை என்று கேட்காமலே ஒவ்வொரு பையிலும் நீள ரொட்டியைச் செருகிவிட்டுப் போனார். எனக்கும் ஒன்று கேட்டேன். சொல்லி வைக்காததால் கொஞ்சம் யோசித்து, பிறகு கொடுத்தார்.

அங்கே ஒரு சைக்கிள்காரன் சாப்பிடும் மதியச் சாப்பாடும், தங்கும் ஓர் இரவும் கடை திறந்திருக்குமா மூடுமா என்பதில் கணக்காகச் சேரும். வெறிச்சோடிய சாலையை மட்டும் அனுபவித்துவிட்டு, பத்து காசு கொடுக்காமல் கடந்துபோகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும், முந்தின நாளே போன் செய்துவிடுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான், பன்னிரண்டரைக்கு இலை போடச் சொல்லி நிற்காதீர்கள். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும், முட்டையும் ஆகாது என்றால் சாலடும் ரொட்டியும்தான். ‘கஸ்பாச்சோ’ என்றதும் தக்காளி சூப் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கத்துக் கஸ்பாச்சோவில் முயல் கறி இருக்கும். ஊர்க் குழாய்களில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், குடிக்க உகந்ததல்ல என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். மே, ஜூன், செப்டம்பர் நல்லது. தெற்கே இறங்கினால் பெதேதாவில் குவாதியெலா ஆற்றின் பள்ளத்தாக்கு, பிறகு ஹூகார் ஆற்றோடு ஊன்யா வழியாகக் குவென்கா வரை போகலாம். அந்தப் பகுதிக்குத் தனிக் கடிதமே எழுத வேண்டும்.

கோடைக்கு முன்பே கிளம்புகிற வாசகர்கள் யாராவது இருக்கலாம். அந்த அடுப்பு யோசனைக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் அடுத்த வார இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
பொன்மலை, திருச்சி.